மாதம்மாவின் கழுத்துக் கயிறு

இந்த அறைச் சுவருக்கு அடித்திருக்கிற பச்சை நன்றாக இருக்கிறது, மேடம். இளம் கேழ்வரகுப் பயிரின் பச்சை. யார் தேர்ந்தெடுத்தார்களோ, கண் உள்ளவர். நல்ல நிறத்தைப் பார்த்தால் எனக்கு மனசு ஒரு நிலைக்கு வந்துவிடும், அதனால் எல்லாவற்றையும் நிதானமாகவே சொல்கிறேன். ஏட்டு ஸ்ரீராம் சார் எழுதுவதற்குத் தோதாக விட்டு விட்டுச் சொல்கிறேன். அவர் அந்த லத்தியை மேசைக்குக் கீழேயே வைத்துக்கொள்ளலாம், அதற்கு வேலை இருக்காது.

பெயர் முனிவேல். சொந்த ஊர் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கம். ஜூஜுவாடியில், கர்நாடக எல்லைக்குச் சற்று முன்னால், ஹைவே ஓரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், கம்பெனி ஐடி கார்டுப் படம், கல்யாண ஆல்பம் எல்லாம் உண்டு. ஆனால் என்னைத் தேடி ஆள் வருவது பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் போடத்தான். அத்திப்பள்ளியிலிருந்து கன்னடக்காரர்கள்கூட அப்பா, தாத்தா படத்தை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள்.

எல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறதே, உனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் போடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு நம் ஊர் தெரியாது. எல்லாருக்கும் ஒரே தோல் நிறம், எல்லாப் புடவைக்கும் ஒரே நீலம். ஓசூர்ச் செம்மண்ணைச் சிமெண்டுத் தரை மாதிரி போட்டுவைக்கும். அதற்குப் பிறகு உட்கார்ந்து நகத்துக்கு, உதட்டுக்கு, கண் ஓரத்துக்கு என்று நான் போட வேண்டும். அப்படிப் போடும்போது ஒரு கட்டம் வரும், மேடம். அதுவரை போட்டோவாக இருந்தவர் சட்டென்று என்னைப் பார்ப்பார். எத்தனை படம் செய்தாலும் அந்த இடத்தில் எனக்குப் புல்லரித்துவிடும்.

சுடலைமுத்து என்று ஒரு தம்பி. திருநெல்வேலிப் பக்கம், இங்கே சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். ஒரே ஒரு படம் வைத்திருந்தான். சட்டை என்ன நிறம் என்று கேட்டேன், தெரியாது என்றான். நானாக ஒரு நீலம் போட்டேன். பார்த்ததும் கடையிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கொஞ்ச நாள் கழித்து ஒரு சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவனிடம் சொல்கிறான்: "எங்கப்பா எப்பவும் நீலச் சட்டதாம்ல போடுவாவ. வேற கலரே பிடிக்காது. எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு."

நான் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் என் தொழில் என்னவென்று எனக்கே விளங்கிற்று. மனிதர்களுக்கு நிறம் ஞாபகம் இருப்பதில்லை. நாம் ஒன்றைக் காட்டினால் அதைத்தான் அந்த நாளில் பார்த்ததாகச் சத்தியம் செய்வார்கள். நடந்து முடிந்தது எதுவும் முடிந்துபோய்விடவில்லை, யாராவது வர்ணம் போட்டால் எழுந்து வந்துவிடும். இதில் நான் யாருக்கும் கெடுதல் செய்ததாக நினைக்கவில்லை.

ராஜ்குமார் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் நிலபுலன் உள்ள பெரிய வீடு அவர்களுடையது. வயலில் பாதியை ரோஜாப் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மீதியில் ராஜ்குமார் ஒரு கல்யாண மண்டபம் கட்டினான். மண்டபத்து முன்கூடத்தில் ஊரின் பழைய படங்களைப் பெரிதாக, கலரில் மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவன் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், அண்ணா அண்ணா என்றுதான் கூப்பிடுவான். தங்கமான பையன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெட்டி நிறையப் படம் கொண்டுவந்து போட்டான். மாட்டுச் சந்தை, எருது விடும் விழா, அணை கட்டுவதற்கு முந்தைய ஆறு. அதில் ஒன்று, அவர்கள் வீட்டுக்கு முதல் டிராக்டர் வந்த அன்றைக்கு எடுத்தது. வண்டிக்கு மாலை போட்டு, அவனுடைய தாத்தா சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் வீட்டு ஆட்கள். இடது ஓரத்தில், பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். அது என் அம்மா மாதம்மா. குழந்தை நான்.

அதுவரை அம்மாவுக்குப் படம் என்று என்னிடம் ஒன்றுமே இல்லை, மேடம். ஊர் உலகத்து அம்மாக்களுக்கெல்லாம் கலர் போட்டவன், என் அம்மா முகத்தை மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதினோரு வயதில் செத்துப்போனாள். அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வாய்விட்டு அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை.

அம்மா அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை செய்தவள். அப்பா யார் என்று கேட்டால், கல் உடைக்க வந்தவர், முனியப்பன் கோயிலில் தாலி கட்டினார், நான் பிறந்த சில மாதத்தில் குவாரியில் வெடி வைத்தபோது கல் விழுந்து செத்துவிட்டார் என்பாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் கழுத்து வெறும் கழுத்து. புருஷன் செத்தவள் கழுத்து அப்படித்தானே இருக்கும். ஆனால் அந்தப் புருஷனை ஊரில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அதனால் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, அதை இங்கே சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் விஜயகுமார் என்று ஒருத்தன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒருநாள் சோளத்தட்டு அறுக்கும் இடத்தில் வைத்துக் கூப்பிட்டான். அவன் கையைக் கல்மேல் வைத்து, என் முழங்காலால் அழுத்திப் பிடித்து, அரிவாளைப் போட்டேன். இரண்டு விரல் போயிற்று. விரல் மண்ணில் கிடந்து கொஞ்ச நேரம் துடித்ததாக எல்லாரும் சொல்வார்கள். அதெல்லாம் கதை, நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன், அசையவே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்.

சரி, படம். அம்மாவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தில் ஒரு கயிறு தெரிந்தது. இதுதான் முக்கியம், ஸ்ரீராம் சார், இதைத் தெளிவாக எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் தங்கம் வாங்க வழியில்லாதவர்களுக்கு மஞ்சள் தடவிய கயிறுதான் தாலி. அந்தக் கயிறு மஞ்சளாக இருந்தால், படம் எடுத்த அன்றைக்கு அவள் கழுத்தில் தாலி இருந்தது. தாலி இருந்தால் புருஷன் இருந்தான். புருஷன் இருந்தால் எனக்கு அப்பா இருந்தார், அப்புறம் செத்தார். அம்மா சொன்னது மொத்தமும் நிஜம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கயிறு அடர்நிறமாகத் தெரிந்தது. கொட்டகையில் வேலை செய்கிறவள் கயிறு, அழுக்கு ஏறினால் அப்படித்தான் தெரியும்.

மஞ்சள் போட்டேன்.

புடவைக்குப் பச்சை போட்டேன், அம்மாவுக்குப் பச்சை எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. டிராக்டர் சிவப்பு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாதம்மாவின் புடவை நிறம் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் படத்தில் இருந்த பெரியவர்களில் உயிரோடு இருந்தது ராஜ்குமாரின் அம்மா சரோஜம்மாள் ஒருத்திதான். அப்போது அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், படத்தில் தலையில் பூ வைத்துக்கொண்டு வலது பக்கம் நிற்கிறாள். அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்கிறீர்கள், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மண்டபத் திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. சாப்பாட்டுப் பந்தியைவிடப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். செத்துப்போனவர்களைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். ஒரு அம்மாள் தன் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று, "அந்த வேட்டிக் கரைகூட அப்படியே இருக்குதே" என்று அழுதாள். அந்தக் கரை நான் இரவல் கொடுத்த கரை. பெருமையாகத்தான் இருந்தது.

டிராக்டர் படத்துக்கு முன்னால் விஜயகுமார் வந்து நின்றான். தலை நரைத்து, தொப்பை போட்டு, பேரன் எடுத்துவிட்டான். ரொம்ப நேரம் அம்மாவின் கழுத்தையே பார்த்தான். அப்புறம் அத்தனை பேருக்கும் முன்னால், அந்த மூன்று விரல் கையையும் மற்றக் கையையும் சேர்த்து என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

"உங்கம்மா கழுத்துல தாலி இருந்துருக்குதுடா, முனிவேலு. நாங்கதான் கண்டபடி பேசிட்டோம். மனசுல வெச்சுக்காத."

மேடம், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா தெரியவில்லை. என் வயதுக்கு அன்றைக்குத்தான் நான் பிறந்தேன். பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து இலை போட்டார்கள். சரோஜம்மாளும் வந்து படத்தைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். என் கன்னத்தை ஒரு தரம் தடவிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அந்தப் பேசாத வாயை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம், காலை வேளையில், ராஜ்குமார் ஸ்டுடியோவுக்கு வந்தான். மூஞ்சியே சரியில்லை. மாமனார் வீட்டுக்காரர்கள், உங்கள் தாத்தா பக்கத்தில் தாலியோடு நிற்பது யார், இரண்டாம் சம்சாரமா, சொத்தில் பங்குக்கு வருவார்களா என்று குடைந்திருக்கிறார்கள். அவன் வீட்டில் போய்க் கேட்டிருக்கிறான்.

"அம்மா சொல்றாங்க, அது தாலிக் கயிறே இல்லீங்களாம் அண்ணா. முனியப்பன் கோயில்ல மந்திரிச்ச கறுப்புக் கயிறாம். அம்மாவேதான் கட்டி உட்டாங்களாம். கறுப்பா மாத்திக் குடுத்துருங்கண்ணா. சின்ன வேலதான."

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்கிற மாதிரி, கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து அம்மாவை விரலால் காட்டினான்.

"இல்லாட்டி இவங்க ஓரமாத்தான நிக்கறாங்க. இந்த எடத்தோட வெட்டி எடுத்துட்டாக்கூட ஒண்ணும் தெரியாதுங்கண்ணா. டிராக்டரு முழுசா இருக்குதில்ல, அது போதும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஃப்ளாஷ் லைட் மாட்டும் இரும்பு ஸ்டாண்ட் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் அடிப்பாகம் கனம். பின்மண்டையில் அடித்தேன். தேங்காய் உடைக்கிற மாதிரி சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன், அப்படி வரவில்லை, ஈரத்துணியைக் கல்லில் துவைக்கிற சத்தம்தான் வந்தது. அவன் கீபோர்டின் மேல் விழுந்து, திரும்பி, "அண்ணா" என்றான். வேறு எதுவும் சொல்ல அவனுக்கு வரவில்லை. இன்னும் அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. மூக்கு எலும்பு உள்ளே போனது தெரிந்தது. வெளியே அத்திப்பள்ளிப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அதனால் சத்தத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் ரத்தம் தெறித்திருந்தது. அம்மா முகத்திலும் பட்டிருந்தது. அதைத்தான் முதலில் துடைத்தேன். துடைத்து முடித்துத் திரும்பினால் அவனுக்கு இன்னும் மூச்சு இருந்தது. கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் தொங்கவிடுகிற வெள்ளைத் துணியை இறக்கி, முகத்தைச் சுற்றி, மேலே உட்கார்ந்து அழுத்தினேன். நேரம் பிடித்தது. நல்ல திடகாத்திரமான பையன். அந்தத் துணியை நீங்கள் எடுத்துவைத்திருக்கிறீர்கள். அதில் பதிந்திருப்பது அவன் முகம்தான்.

ஷட்டரை இறக்கி, அவனை உள்ளறைக்கு இழுத்துப் போட்டு, தரையைக் கழுவிவிட்டு ஷட்டரைத் தூக்கினால் வெளியே சுடலைமுத்து நிற்கிறான். அப்பா படத்துக்கு ஃப்ரேம் போடக் கொடுத்திருந்தான். எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, கையில ரத்தமால்லா இருக்கு?"

"ஃப்ரேம் கண்ணாடி கிழிச்சிருச்சு தம்பி."

"மருந்து போடுங்க. நீங்க நல்லா இருந்தாத்தான எங்கப்பனாத்தா எல்லாரும் உசுரோட இருப்பாவ" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தை என்னை ரொம்பத் தொட்டது. மத்தியானம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் என் ஆம்னி வண்டியில் ராஜ்குமாரைக் கொண்டுபோய் அணைக்குக் கீழே விட்டேன். மதகு திறந்திருந்தது, கழிவுநீர் கலந்த ஆற்றில் நுரை ஆளுயரத்துக்கு நின்றது. அத்தனை வெள்ளை. அதற்குள் தள்ளியதும் ஒன்றுமே தெரியவில்லை, கறையே இல்லாத ஒரு இடம். அவனைத் தள்ளிவிட்டு அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சினமெல்லாம் போய்விட்டிருந்தது.

மறுநாள் ஊரே அவனைத் தேடியது. நானும் வண்டியை எடுத்துக்கொண்டு பாகலூர் ரோடு வரை தேடினேன். ராஜ்குமாரின் மனைவி அருணா உங்களிடம் புகார் கொடுக்க வந்திருந்த நேரம், ஆண்கள் எல்லாரும் வெளியே போயிருந்த நேரம், நான் அந்த வீட்டுக்குப் போனேன். சரோஜம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"எம் மவன் உங்கடைக்கு வந்தானா, கண்ணு?"

"வந்துட்டு அப்பவே போயிட்டாங்கம்மா."

அவள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது அந்தக் கை.

"நாந்தான் அவன அனுப்புனேன். அந்தக் கயித்தப் பத்திச் சொன்னதே தப்பு. வாய வெச்சுட்டுச் சும்மா இருந்துருக்கலாம். நீ பொறந்தப்ப உங்கம்மாளுக்குக் காச்சலு, சாமி. பொழைக்க மாட்டான்னுட்டாங்க. யாரும் கிட்ட போவல. முனியப்பன் கோயில்ல கயிறு மந்திரிச்சு நாந்தான் கட்டி உட்டேன். அந்தச் சாமி பேரத்தான் உனக்கு வெச்சா."

நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"போவுது. உனக்கு அது மஞ்சளாவே இருக்கோணும்னா மஞ்சளாவே இருக்கட்டும். ராசு வந்ததும் நாஞ் சொல்லிக்கறேன். நான் யாருகிட்டயும் மூச்சு உட மாட்டேன், சாமி."

இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும், மேடம். அவள் பிடிவாதமாக இருந்திருந்தால், வயதானவள், ஞாபகப் பிசகு என்று ஊரில் சொல்லியிருக்கலாம். அவளோ விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுப்பது என்றால், உள்ளே கறுப்பு என்று வைத்துக்கொண்டு வெளியே மஞ்சள் என்று சொல்வது. என் அம்மாவின் தாலி அவள் போட்ட பிச்சையாக ஆகிவிடும். ஒவ்வொரு முறை அந்தப் படத்துக்கு முன்னால் நான் தலைநிமிர்ந்து நிற்கும்போதும், இந்த வீட்டில் ஒருத்தி பாவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விஜயகுமாரின் விரலை வெட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"அந்தப் பொடவயும் என்னுதுதான்" என்று சிரித்தாள். "நீ பச்ச போட்டுட்ட. அது அரக்குக் கலரு. எங்கண்ணாலத்துக்கு எடுத்தது. காச்ச உட்டு எந்திரிச்சதும் உங்கம்மாளுக்குக் குடுத்தேன். டிராக்டரு வந்த அன்னிக்கு அதக் கட்டிக்கிட்டு வந்து நின்னா பாரு, மவராசி மாதிரி இருந்தா. உங்கப்பன் யாருன்னு எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தா, கண்ணு. அதையுஞ் சொல்லிர்றேன், எனக்கும் வயசாச்சு, நீ கேட்டுக்க—"

கேமரா என் தோளில் இருந்தது. எழுந்து, வாரைக் கழற்றி அவள் கழுத்தைச் சுற்றிச் சோபாவுக்குப் பின்னால் நின்று இழுத்தேன். சொல்ல வந்தது பாதியில் நின்றது. அவள் கை வாரைப் பிடிக்கவில்லை, என் மணிக்கட்டைத்தான் பிடித்தது, முன்பு பிடித்திருந்த மாதிரியே. கால் உதைத்ததில் டீப்பாய் மேலிருந்த தண்ணீர்ச் சொம்பு உருண்டது. முகம் முதலில் சிவந்து, அப்புறம் கத்தரிப்பூ நிறமாகி, நாக்கு பல்லுக்கு நடுவில் வந்து, அப்புறம் கைவிரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. தலையைச் சாய்த்து வைத்து முந்தானையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். பெரிய வீட்டு அம்மா, அலங்கோலமாகக் கிடக்கக் கூடாது.

என் அப்பா பெயரை அவள் சொல்லியிருப்பாள் என்கிறீர்கள். சொல்லியிருப்பாள்தான். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. என் அப்பா குவாரியில் செத்தவர். அதைத்தான் படம் சொல்கிறது.

ராஜ்குமார் ஆற்றில் கிடைத்தான். அம்மாவையும் பிள்ளையையும் ஒரே நாளில் எடுத்தார்கள். ஊர் முழுவதும் சுடுகாட்டில் இருந்தபோது நான் மண்டபத்தில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தேன். புதிதாகப் பிரிண்ட் போட்ட டிராக்டர் படத்தைப் பழைய ஃப்ரேமில் மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். என்ன செய்கிறாய் என்றீர்கள். படத்தில் ஒரு சின்னத் தவறு, திருத்துகிறேன் என்றேன். உங்கள் போனில் திறப்பு விழா வீடியோ இருந்தது, அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். நல்ல கண் உங்களுக்கு. புடவை பச்சையாகத்தானே இருந்தது, அரக்கு என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டீர்கள்.

அந்தப் படத்தில் இருக்கிற பெரியவர்களில் சரோஜம்மாளைத் தவிர எல்லாரும் எப்போதோ செத்துப்போனவர்கள். விழாவுக்குப் பிறகு அவளைப் பார்க்கவே இல்லை என்று உங்கள் ஏட்டிடம் நானே சொல்லியிருந்தேன். அப்போதுகூட, சும்மா தோன்றியது, மாற்றினேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாயெடுத்தேன், வரவில்லை. அம்மாவின் புடவை விஷயத்தில் எப்படிப் பொய் சொல்வது?

கயிறு விஷயத்தைக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் முதலில் தானாக வர்ணம் போட்டபோதே அந்தக் கயிற்றைக் கறுப்பாகத்தான் காட்டியது. கறுப்பின் மேல் மஞ்சள் நிற்காது, மேடம், சேறு மாதிரி ஆகிவிடும். அதனால் கயிற்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கவைத்து, அது சாம்பல் ஆன பிறகு மஞ்சளை ஏற்றினேன். அதற்கே ஒரு பகல் முழுக்கப் போயிற்று. அது தொழில் நுணுக்கம், அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

ராஜ்குமாரையும் சரோஜம்மாளையும் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பச்சைப் புடவை போட்ட பழைய பிரிண்ட் கடையில் சுருட்டி வைத்திருக்கிறது, அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், யாராவது எடுத்து மாட்டிவிடப் போகிறார்கள். உண்மை தெரிந்த பிறகு அதை விட்டுவைக்க எனக்கு மனசு கேட்கவில்லை. என் அம்மா படத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது, மேடம்.